சமையலறைக் கதவை எடுத்த பிறகு

பேயைக் காணோம்.

கணினி விளையாட்டின் திரையில் கூடம் இருந்தது, நாற்காலி இருந்தது, காலையிலிருந்து சமையலறைக் கதவில் முட்டிக்கொண்டு நின்ற நெட்டைப் பேய் மட்டும் இல்லை. அதற்கு நிரல் எழுதியவன் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். காய்ச்சலோடு மூன்று வயது மகள் உள்ளறையில் தூங்கினாள். மழை பிடித்துக்கொண்டதில் பட்டப்பகலிலேயே வீடு இருட்டிக் கிடந்தது.

வம்பெல்லாம் அந்தக் கதவால்தான். விளையாடுகிறவர் போடும் சத்தத்தை மைக்கில் கேட்டு, தேடி வந்து பிடிக்க வேண்டிய பேய் அது. இதுவோ எந்தக் கதவைக் கண்டாலும் தோளை இடித்துக்கொண்டு நின்றுவிடும். விளையாடிப் பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் மானம் போய்விடும்.

அலுவலகத்தில் அவனுக்கு மேலதிகாரியாக இருந்தவளுக்குப் போன் போட்டிருந்தான்.

“என்ன பண்ணாலும் கதவுல மாட்டிக்குதுக்கா. மண்டை காயுது.”

“அட, கதவையே தூக்கிடுப்பா! காதைக் கொஞ்சம் கூர்மையாக்கி விடு. சுலபமா ஜெயிச்சா எவன் விளையாடுவான்?”

எல்லாக் கதவுகளையும் எடுத்தான். பேயின் கேட்கும் திறனைப் பத்திலிருந்து நூறுக்கு ஏற்றினான். புதிதாக வரைய நேரமில்லாமல் தன் வீட்டையே டேப் பிடித்து அளந்து விளையாட்டுக்குள் வைத்திருந்தான். அது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

“எங்க போய்த் தொலைஞ்சுது சனியன்?”

திரையின் மூலையில், பேய் இருக்கும் இடத்தைக் காட்டும் வரி மாறியது. சமையலறை. பிறகு, கூடம். ஹெட்போனில் ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போன்ற காலடிச் சத்தம், நிதானமாக, ஒரு காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி, அவன் முதுகுப் பக்கமாக நெருங்கி வந்தது. சத்தம் நன்றாகத்தான் அமைந்திருக்கிறது என்று ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

விளையாட்டை நிறுத்தினான். திரை இருண்டது. காலடி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. கருகிய ஒயர் நாற்றம். மூச்சை அடக்கிக்கொண்டான். சத்தம் போடாதவரை அதற்கு வழி தெரியாது. அந்த விதியை எழுதியவனே அவன்தான்.

உள்ளறையில் மகள் இருமினாள்.

காலடி திரும்பியது.

இருமாதே, கண்ணு. இருமாதே. வாய்க்குள்ளேயே கெஞ்சினான். இன்னொரு இருமல். காலடி வேகமெடுத்தது. இழுபட்டு. இழுபட்டு. கத்தினால் அது இவனிடம் வரும். தெரியும். பெற்ற பிள்ளைக்காகக்கூட வாய் திறக்க முடியாத தன் பயத்தை நினைத்து அவனுக்கே அவமானமாக இருந்தது.

ஒருவழியாகக் கத்திவிட்டான்.

“இங்க வா! நான் இங்க இருக்கேன்! என்கிட்ட வா!”

காலடி நின்றது.

“அப்பா?” உள்ளே மகள் விழித்துவிட்டாள். “என்னையா கூப்பிடுறே? அப்பா... இங்க யாரோ—”

பேச்சு பாதியில் நின்றது.

விழுந்தடித்து ஓடினான். அவன் சாத்திவிட்டு வந்த கதவு அங்கே இல்லை. வெறும் நிலை.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் அவனையே பார்த்தன. இரண்டு கைகளாலும் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் வாயைப் பின்னாலிருந்து ஒரு நீளமான கை பொத்தியிருந்தது.