உப்புக் கச்சேரியின் சாளரங்கள்

தெர்மல் கேமராவின் சின்னத் திரையில் வடக்குச் சுவர் முழுதும் ஒரே பச்சையாகத்தான் இருந்தது, ஓர் இடத்தைத் தவிர. கூரைக்குச் சற்றுக் கீழே, அடைக்கப்பட்ட கடைசிச் சாளரத்தின் ஓரத்தில், நீலமாக ஒரு சிறு கறை. சூட்டைப் படமாக்கிக் காட்டும் கருவி அது. வெம்மையான இடம் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் தெரியும், குளிர்ந்த இடம் நீலமாகத் தெரியும். ஒழுகும் குழாய், விரிசல் விட்ட ஜன்னல் சட்டம், கதவிடுக்கில் வீணாகும் ஏசி என்று எவ்வளவோ நீலங்களைக் காயத்ரி பார்த்திருக்கிறாள். எதுவும் இப்படி விளிம்பு கட்டி நின்றதில்லை.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்தது அந்தக் கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு இலாகாவின் அலுவலகம். ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதை உப்புக் கச்சேரி என்றே சொன்னார்கள். முழங்கை நீளத்துக்குக் கனத்த சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், சுவரின் உச்சியில் வரிசையாகக் காற்றுச் சாளரங்கள். பழமை கெடாமல் அதைப் பழுதுபார்த்து, குறைந்த மின்சாரத்தில் குளிரும் நூலகமாக மாற்றும் வேலை. பொங்கல் கழிந்ததும் திறப்புவிழா. அதற்குள் மின்சிக்கனத்துக்கான சான்று கிடைக்க வேண்டும். சுவரில் எங்கும் குளிர் கசியவில்லை என்று காட்டும் படங்களுக்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

முதன்முதலாக இந்தக் கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது மேல் சாளரங்கள் வழியாகக் கடலின் இரைச்சலும், விசைப்படகுகளின் தடதடப்பும், கருவாட்டு வாசனையும், உத்தரத்தில் அடைந்த புறாக்களின் முனகலும் ஒன்றாய் வந்து இறங்கின. இப்போது ஒன்றும் இல்லை. மூடிய பெட்டிக்குள் காதை வைத்ததுபோல் இருந்தது. தன் செருப்புச் சத்தம்கூட எழுந்த இடத்திலேயே செத்துப்போவதை அவள் கவனித்தாள்.

"என்னா தங்கச்சி, அங்கியே பாத்துக்கினு நிக்கற? பல்லியா?" என்றார் சைபுல்லா. கட்டட வேலையின் மேஸ்திரி. பரங்கிப்பேட்டைக்காரர். இந்த வேலையை எடுத்து நடத்திய அவள் கணவன் கதிர்வேலை 'மச்சான்' என்றே கூப்பிட்டுப் பழகியவர். அந்த முறையில் இவள் அவருக்குத் தங்கச்சி.

"ஒரு எடத்துல குளிர் காட்டுதுண்ணே."

"நாம அடிச்ச நுரையில பல்லி என்னா, ஜின்னுகூட நுழைய முடியாது."

சொல்லிச் சிரித்தவர், யார் முன்னால் எந்த இடத்தில் நின்று சிரிக்கிறோம் என்பது உறைத்ததும் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

காயத்ரி படத்தைப் பெரிதாக்கினாள். கறை பிரிந்தது. உள்ளங்கை ஒன்று. கட்டைவிரல். அதன்பின் மூன்று விரல்கள் நீளமாக. கடைசியில் சுண்டுவிரல், பாதியோடு நின்றுபோய்.

சிறுவயதில் காடாம்புலியூர் மாமா வீட்டில் பலாப்பழம் பிளக்கும்போது அரிவாள் பட்டுத் துண்டான சுண்டுவிரல் கதிர்வேலுக்கு. "மிச்சத்த பலாச்சுளைனு எவனோ தின்னுட்டான்" என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான்.

"ஈரம்" என்றாள். "ஈரந்தாண்ணே. ஏறித் தொடைச்சிடுங்க."

சைபுல்லா ஏணி போட்டு ஏறித் துடைத்தார். துணியை உதறியபோது வெள்ளையாய்ப் பொடி கொட்டியது.

"உப்புப் பூத்திருக்கு. மச்சான் படிச்சிப் படிச்சிச் சொன்னான் இல்ல, சுண்ணாம்புச் சொவரு மூச்சு வுடும், அது மூக்கப் பொத்துனா வேர்த்து உப்பக் கக்கும்னு..."

ஏணியிலிருந்து இறங்கும்வரை அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை அழித்துவிட்டு, துடைத்த சுவரை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

சாளரங்களை அடைக்கச் சொன்னவள் அவள்தான். கணக்குப்படி வந்தாக வேண்டிய மின்சிக்கனம் வரவில்லை. மேலே அத்தனை ஓட்டைகளை வைத்துக்கொண்டு ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி என்று அவள் சொன்னாள். கதிர்வேல் ஒப்பவில்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும் அளவுக்குச் சண்டை. பிறகு அவன் திருச்சிக்குப் போயிருந்த ஒரு நாளில் சைபுல்லாவுக்குப் போன் செய்து, எல்லாவற்றிலும், பீய்ச்சினால் உப்பி இறுகும் நுரையை அடித்து மூடச் சொல்லிவிட்டாள். திரும்பி வந்து பார்த்தவன் கத்தவில்லை. "வருத்தப்படுவ, காயத்ரி" என்றான். அவ்வளவுதான்.

கார்த்திகைப் புயலில் கச்சேரியைச் சுற்றி வெள்ளம் ஏறியது. கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கப் போன கதிர்வேல் அங்கேயே மாட்டிக்கொண்டான். மின்சாரம் இல்லை. முற்றத்தில் தண்ணீர் நின்றதால் ஜெனரேட்டரைப் பின்கட்டு நடைக்கு ஏற்றி ஓட்டியிருக்கிறான். அதன் புகை, வயர் நுழையும் ஓட்டை வழியாகக் கூடத்துக்குள் இறங்கியது. கூடத்தின் ஒரே வாசலில் அவள் தேர்ந்தெடுத்துப் போட்ட காற்றுப்புகாத புதுக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. அவன் உள்ளே வந்தபின் மேலும் ஏறிய வெள்ளம் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மேலே சாளரங்கள் திறந்திருந்தால் புகை போயிருக்கும். மேசைமேல் நாற்காலி போட்டு ஏறி அவன் கடைசிச் சாளரத்தை எட்டியிருக்கிறான். பிணத்தின் நகக்கண்களில் மஞ்சள் நுரை இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார்: "சாளரங்களை அடைக்கச் சொன்னது யாரு?"

"அவருதான்" என்றாள் காயத்ரி.

சைபுல்லா அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சொல். அதன்பின் கதிர்வேல், தான் அடைத்த கட்டடத்துக்குள் தானே மாட்டிச் செத்தவன் ஆனான். திறப்புவிழாக் கல்வெட்டில் அவன் பெயர் வேண்டாம் என்று முடிவானபோதும் அவள் வாய் திறக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு சிதம்பரம் வீட்டுக்குக் கிளம்பினாள். மார்கழிப் பனி அதற்குள் வயல்களின்மேல் இறங்கத் தொடங்கியிருந்தது. பி.முட்லூர் தாண்டியபோது பார்த்தாள். பக்கத்து இருக்கையின் ஜன்னல் கண்ணாடியில் மட்டும், உட்புறமாக, ஆவி படிந்திருந்தது. யாரோ அதனருகே முகம் வைத்து மூச்சு விட்டதுபோல் வட்டமாக. அது சுருங்கியது. மறுபடி விரிந்தது. கைக்கு எட்டிய பொத்தானை அமுக்கி எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டாள். ஊர் வரும்வரை பனிக்காற்றில் நடுங்கிக்கொண்டே ஓட்டினாள்.

மாமியார் மங்கலம் பின்னறை வாசலில் தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கதிர்வேல் இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். அந்த நட்சத்திரத்தில் போனவரை வாசல் வழியாக எடுத்துப் போகக் கூடாது. வாசலைத் தெரிந்துகொண்டு திரும்பிவிடுவார்கள். அதனால் மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து கிடத்திய பின்னறைச் சுவரை இடித்து, அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு அந்த அறையில் யாரும் புழங்கக் கூடாது. சாயங்காலம் விளக்கு மட்டும் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

"வெளக்கு நிக்க மாட்டேங்குது" என்றாள் மங்கலம். "காத்தே இல்ல. திரி புதுசு. எண்ணெ இருக்கு. ஏத்துனா மூச்சு முட்டுன மாதிரி மடங்கி மடங்கி அவிஞ்சிப் போவுது."

"நான் பாக்கறேன், அத்தை."

"அன்னிக்கே பொழுதோட செங்கல்லு வெச்சி மண்ணு பூசி அடைக்கணும்னு சொன்னேன். நீ எதையோ பீச்சி அடைச்ச."

உண்மைதான். அன்றைக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொத்தனார் வரவில்லை. காரில் கச்சேரி வேலையில் மிஞ்சிய நுரை டப்பாக்கள் கிடந்தன. கதிர்வேலை எடுத்துப்போன துவாரத்தை அவள் அதைக் கொண்டே மூடினாள். நுரை உப்பி, பொருமி, மஞ்சளாய் இறுகியது. கை பழகிய வேலை. செய்து முடித்துவிட்டுத்தான் என்ன செய்தோம் என்று பார்த்தாள்.

மங்கலம் தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "கடைத்தெருவுல போனா எங்காதுபடவே பேசறாளுங்க. படிச்ச புள்ள, தானே பொந்த அடைச்சிக்கினு உள்ள ஒக்காந்தானாம்னு. எலிக்குக்கூட அந்தப் புத்தி இருக்குதாம்." தீப்பெட்டியைத் திறந்து மூடினாள். பிறகு, "நீ கூடவே இருந்தவ. சொல்லு. எம்புள்ள அவ்வளோ முட்டாளா? அவனா அடைக்கச் சொன்னான்?"

சொல்லிவிடலாம். இந்த வாசலில், இந்த ஒரு கிழவியிடம் மட்டும். நாக்கு எழுந்தது. கல்வெட்டும், சான்றும், நாளை முதல் இந்த வீட்டில் தான் முழிக்கப்போகும் முகமும் எழுந்தன.

"ஆமாங்கத்தை" என்றாள். "அவருதான்."

தெரு விளக்கு, கூடத்து விளக்கு, அடுக்களை ஃபிரிட்ஜின் உறுமல், எல்லாம் ஒருசேர நின்றன. கரண்ட் போய்விட்டது. எங்கோ கோயில் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த திருவெம்பாவை ஒலிபெருக்கியும் பாதி அடியில் அறுந்தது.

"நான் ஏத்தறேன்" என்று தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு, வெளிச்சத்துக்காகத் தோளில் தொங்கிய கேமராவை முடுக்கியபடி, காயத்ரி பின்னறைக்குள் போனாள். போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. அந்தக் கிழவியின் முகத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

உள்ளே டீசல் வாடை. அதனடியில் நுரையின் தித்திப்பான மருந்து நெடி. அதற்கும் அடியில் ஈரச் சுண்ணாம்பு. சிதம்பரத்தில், கடலில்லாத ஊரில், உதட்டில் உப்புக் கரித்தது. தீக்குச்சியைக் கிழித்தாள். சுடர் தலை தூக்கியது. மடங்கியது. அவிந்தது. இன்னொன்று. அவிந்தது.

கேமராத் திரையை உயர்த்தினாள். சுவர் பச்சை. நுரை அடைத்த துவாரம் வெளிர்மஞ்சள். அதைச் சுற்றி நீலம். ஒரு கை அல்ல. கைமேல் கை. துவாரத்தின் விளிம்பு முழுக்கத் தடவித் தடவி, சுரண்டிச் சுரண்டி, வழி தேடிய கைகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் பாதி.

வெளியிலிருந்து அல்ல. இந்தப் பக்கம். அறைக்குள்.

அவன் போகவே இல்லை. அல்லது போய், திரும்பி வந்து, மறுபடி அடைபட்டிருக்கிறான்.

தரையைப் பார்த்தாள். சுவரடியிலிருந்து நீலப் பாதங்கள். பழையவை வெளிறி. புதியவை அடர்த்தியாய். ஒன்று விளக்கருகே. ஒன்று அதற்கு இப்பால். கடைசி ஜோடி அவள் கால்விரல்களுக்கு எதிரே. விரலுக்கு விரல் நேராக.

எதிரே யாரும் இல்லை. இருட்டு. குளிர்.

நான்தான். சொல்ல வேண்டும். நான்தான் அடைக்கச் சொன்னேன், அத்தை. நான்தான். வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. உள்ளே போகவும் இல்லை. கேமரா கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"என்னாம்மா சத்தம்?"

மங்கலம் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். தரையில் ஒளிர்ந்துகொண்டிருந்த திரையைக் கண்டு, குனிந்து எடுத்தாள். டார்ச் என்று நினைத்தாளோ என்னவோ, அதைக் காயத்ரியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையின் மஞ்சள் வெளிச்சம் கிழவியின் சுருக்கங்களில் அலைந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"ஏம்மா" என்றாள் மெதுவாக. "நீலமா... உன் வாய்மேல யாரு கை?"

காயத்ரி தலையை அசைக்கப் பார்த்தாள். அசையவில்லை. கன்னத்தில் நான்கு விரல்களின் குளிர் எலும்புவரை இறங்கியிருந்தது. காதருகே ஐந்தாவது, பாதியோடு.

மங்கலத்தின் முகம் மெல்லத் தளர்ந்தது. கார்த்திகை முதல் அந்த முகத்தில் இல்லாத ஒன்று அதில் வந்து குடியேறியது. அது சந்தோஷம்.

"சுண்டுவெரலு" என்றாள். "எங்கண்ணு. கதிரு. வந்துட்டியா?"

தன் கிழட்டுக் கையை நீட்டினாள். மகனின் கைமேல், மருமகளின் வாய்மேல், அதை வைத்து இறுக அழுத்திக்கொண்டாள்.