பத்தாவது ஆள்

பெரிய மருமகள் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்கும், கூடத்தில் மாமியார் விரல் மடக்கித் தலை எண்ணுவதற்கும் சரியாக இருந்தது.

"நான், பெரியவன், சின்னவன், மருமகளுங்க ரெண்டு பேர்... அஞ்சு. பிள்ளைங்க நாலு. ஒம்பது! எத்தனை தடவை எண்ணினாலும் ஒம்பதுதான் வருது!"

"எண்ண எண்ணக் கூடறதுக்கு நாம என்ன வட்டிக்கு விட்ட பணமாம்மா?" என்றான் கொழுந்தன். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் வண்டி எடுக்கும் முன் யாரையாவது சீண்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே குழந்தைகளுக்கான பெரிய விளையாட்டுப் பூங்கா ஒன்று இருந்தது. போன விடுமுறைக்குக் கூட்டிப் போகிறோம் என்றார்கள், அதற்கு முந்தைய விடுமுறைக்கும் சொன்னார்கள். இரண்டு முறையும் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று பிள்ளைகளிடம் பொய் சொன்னார்கள். இந்த முறை கொழுந்தனின் முதலாளி வேனைத் தருவதாகச் சொல்லிவிட்டார். சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டால் போயிற்று. பத்துப் பேராகப் போனால் டிக்கெட்டில் கால் பங்கு தள்ளுபடி என்று பூங்காக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். ஒரே ஒரு தலை குறைந்தது.

"பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடலாமா?" என்றாள் சின்ன மருமகள்.

"அவளைக் கூட்டிட்டுப் போனா வழியெல்லாம் முட்டி வலியைக் கேட்டுட்டே வரணும்." மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பெரியவளே! உங்க அக்கா இருக்காளே... அவளைக் கூப்பிடேன். பத்தாயிடும்!"

பெரிய மருமகள் கையிலிருந்த கரண்டி நழுவிப் பாத்திரத்துக்குள் விழுந்தது.

நான்கு வருடம்... நான்கு வருடமாக அந்த அக்காவின் பேச்சே இந்த வீட்டில் எடுத்ததில்லை. பெரியவளின் மகளுக்கு விடாத காய்ச்சல் வந்தபோது, பெரிய ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்த அக்கா, லீவு போட்டுவிட்டு ஓடி வந்து ராப்பகலாகக் கண் விழித்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள், வந்திருந்த உறவுக்காரர்கள் முன்னால் மாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "குழந்தையைப் பாத்துக்க வந்தாளோ, மூணு வேளையும் உக்காந்து சாப்பிட வந்தாளோ... யாரு கண்டா!" எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தங்கையிடம் "நான் கிளம்பறேன்டி" என்று சத்தமில்லாமல் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பெரியவள் அப்போது சமையலறையில் நின்று, ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பா அம்மா போன பிறகு, தன் படிப்பை மூட்டை கட்டிவிட்டு வேலைக்குப் போய்த் தங்கையைப் படிக்கவைத்துக் கரையேற்றியவள் அந்த அக்கா. அவளுக்காக வாயைத் திறக்காதவளுக்கு எதற்கு வாய் என்று தன்னையே அவள் பல நாள் ஏசிக்கொண்டதுண்டு.

இப்போது அதே மாமியார் கூப்பிடச் சொல்கிறார். ஆளுக்காக அல்ல, தள்ளுபடிக்காக.

"என்ன யோசனை? உனக்கும் அக்காவைப் பாத்த மாதிரி ஆச்சு, எங்களுக்கும் டிக்கெட் குறைஞ்ச மாதிரி ஆச்சு!"

கணவனைப் பார்த்தாள். டயர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் செருப்பு வாரை மும்முரமாக மாட்டினான். இந்த வீட்டு ஆண்களுக்குச் செருப்பு மாட்ட எப்போதும் நல்ல நேரம் கிடைக்கும்.

அவள் போன் செய்தாள். "அக்கா... அத்தையே உன்னைக் கூப்பிடச் சொன்னாங்க. எல்லாரும் பூங்காவுக்குப் போறோம். நீ வந்தாத்தான் நல்லா இருக்கும்னு..." சொல்லச் சொல்ல நாக்கு கூசியது. அத்தை கூப்பிடச் சொன்னது உண்மைதான். ஆனால் எதற்கென்பதைச் சொல்லவில்லையே!

 "லீவு கேட்டுப் பாக்கறேன்டி. வாண்டு இருக்காளா? குடு, பேசறேன்" என்றாள் அக்கா. மகளிடம் போனைக் கொடுத்துவிட்டு, தீய்ந்து நாறிய பால் பாத்திரத்தை இறக்க ஓடினாள் அவள். அங்கே நின்றிருந்தால் தன் குரலே தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அக்கா வந்தாள். இளைத்திருந்தாள். சோடாக்காரத்தில் தினமும் ஊறிய விரல்கள் வெளிறித் தோலுரிந்திருந்தன. வீட்டுக்குள் வராமல் வேன் பக்கத்திலேயே நின்று, பையிலிருந்து மஞ்சள் நிறத் துணித் தொப்பிகளை எடுத்தாள்.

"கிழிஞ்ச துணி தைக்கிற மிஷின் எங்க பிரிவுல இருக்கு. வேலை முடிஞ்சப்புறம் தைச்சேன். எல்லாம் ஒரே நிறம். கூட்டத்துல பிள்ளைங்க தொலையாது பாரு!"

ஒன்பது தொப்பிகள். மாமியாருக்கும் ஒன்று இருந்தது. மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் பரவாயில்லையே" என்று மட்டும் சொன்னார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

"உனக்கு எங்கேக்கா?"

"துணி பத்தலடி. எனக்கு எதுக்கு?"

 வழி முழுக்க அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் தங்கையால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அக்காவோ பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

பூங்கா வாசலில் திருவிழாக் கூட்டம். டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. ஜன்னலுக்குள் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"கடைசிப் பாப்பா கோட்டுக்குக் கீழ இருக்கே சார். அதுக்கு டிக்கெட்டே வேண்டாம், ஃப்ரீ."

"அடடே, ரொம்ப நல்லது!" என்றான் கொழுந்தன்.

"ஆனா குரூப்ல சேராது. நீங்க ஒம்பது பேர்தான். தள்ளுபடி கிடையாது."

எல்லோரும் பொடிசைப் பார்த்தார்கள். கொழுந்தனின் கடைக்குட்டி அது. தன்னால் குடும்பத்துக்கு என்ன நஷ்டம் என்று தெரியாமல் மூக்கைக் குடைந்துகொண்டிருந்தது.

உலகத்தில் எல்லோரும் டிக்கெட்டை மிச்சப்படுத்தப் பிள்ளையைக் குனிய வைப்பார்கள். இந்தக் குடும்பம் பிள்ளையை வளர்க்கப் பார்த்தது! "நிமிர்ந்து நில்லுடி! குதிகாலைத் தூக்கு!" என்று மாமியார் அதட்டினார். கொழுந்தன் அவசர அவசரமாகத் தன் தலையிலும் மனைவி தலையிலும் இருந்த தொப்பிகளைப் பிடுங்கி, நாலாக மடித்துப் பொடிசின் ஷூவுக்குள் திணித்தான். பொடிசு தள்ளாடிக்கொண்டு ஒட்டகச்சிவிங்கியிடம் நடந்தது. மூன்றாவது அடியில் ஷூ கழன்று விழ, மஞ்சள் துணி வெளியே பிதுங்கியது. வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பொடிசு ஓவென்று அழுதது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அக்கா குனிந்து தொப்பிகளை எடுத்தாள். மண்ணைத் தட்டி, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

மாமியாருக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. "எல்லாம் வீணாப் போச்சு! பத்தாகணும்னுதானே இவளையே கூப்பிட்டோம்... இப்ப தள்ளுபடியும் போச்சு, இவ டிக்கெட்டும் தண்டம்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது போலிருந்தது. 

"அதனால என்ன அத்தை... நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வெளியில மரத்தடியில உக்காந்திருக்கேன்" என்றாள் அக்கா. அதே குரல். நான்கு வருடத்துக்கு முன்பு, "நான் கிளம்பறேன்டி" என்று சொன்ன அதே சத்தமில்லாத குரல்.

இம்முறை துலக்குவதற்குக் கையில் பாத்திரம் இல்லை.

"போதும் அத்தை!" கத்திவிட்டாள் அவள். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "இவ தண்டமா? உங்க பேத்தி பிழைச்சு எழுந்தது இவ கண்ணு முழிச்சதால! அன்னிக்கு நாலு பேர் முன்னால சோத்தைச் சொல்லிக் காட்டினீங்க... நான் வாயை மூடிட்டு நின்னேன். உங்களைவிட நான்தான் பெரிய பாவி!" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நானும் பொய் சொல்லித்தான் உன்னை வரவழைச்சேன்... எண்ணிக்கைக்குத்தான் கூப்பிட்டோம்... என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுக்கா!"

அக்கா அவள் கண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

"அட பைத்தியமே... எனக்குத் தெரியும்டி. அன்னிக்கு வாண்டுதான் போன்லயே சொல்லிட்டாளே. 'பெரியம்மா, நீங்கதான் எங்க பத்தாவது டிக்கெட்'னு."

"தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா வந்தே?"

"எண்ணிக்கைக்கா இருந்தா என்ன? ஆஸ்பத்திரியில நாளெல்லாம் போர்வையை நான் எண்ணறேன். என்னை எண்ணறதுக்கு யாருடி இருக்கா? ஒரு வீட்டுல ஆள் எண்ணும்போது என் பேரு வந்துச்சே... அது போதும்னு ஓடி வந்தேன்."

அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். சின்ன மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். வீட்டில் நடந்ததைப் போனில் போட்டுக்கொடுத்த வாண்டு, தனக்கு அடி விழுமா முத்தம் விழுமா என்று தெரியாமல் இருவரின் புடவைக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டது.

கணவன் ஜன்னலுக்குப் போனான். அவன் காது மடல் சிவந்திருந்தது. "ஒம்பது டிக்கெட்டும் முழு விலைக்கே குடுங்கம்மா" என்றான். பிறகு அக்காவிடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணி... அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். செருப்பைத் தேடிட்டிருந்தேன். மன்னிச்சிடுங்க. உள்ள வாங்க" என்றான்.

அக்கா தயங்கி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சுவரில் இருந்த ஒட்டகச்சிவிங்கியையே முறைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் அது.  வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது.

திடீரென்று மாமியார் தன் தலையிலிருந்த மஞ்சள் தொப்பியைக் கழற்றினார். விடுவிடுவென்று வந்து அக்காவின் தலையில் வைத்து, காது வரைக்கும் இழுத்துவிட்டார். 

"அத்தை, இது உங்களுக்குத் தைச்சது..."

"போட்டுக்கோ!" என்று அதட்டினார் மாமியார். குரல் உடைந்துபோயிருந்தது. "கூட்டத்துல நீ எங்கயாவது தொலைஞ்சிட்டா... மறுபடி எங்க போய்த் தேடுவேன்?"

வாசலைத் தாண்டியதும் மாமியார் நின்று எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு மறுபடி விரல் மடக்கினார். இம்முறை அக்காவிலிருந்து எண்ணத் தொடங்கினார்.