இரும்புப் பொம்மைக்குத் திறக்கும் கதவுகள்

காலை ஷிப்டுக்கு உட்காருகிறவர்கள் முதலில் விளையாட வேண்டும். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் எல்லாம் தொலையியக்கத்துக்கு மாறி வருடங்கள் ஆகிவிட்டன. ஓட்டுநர்கள் தத்தம் வீட்டு முன்னறையில் இருந்தபடியே கப்பலிலிருந்து பெட்டகங்களை இறக்குகிறார்கள். எங்கோ ஒரு துறைமுகத்தில் ஒருவர் கண்ணயர்ந்து பெட்டகத்தை ஆட்கள் மேல் இறக்கிவிட, அதற்கப்புறம் வந்தது இந்தச் சட்டம். விளையாடிக் கடந்தால்தான் பாரந்தூக்கியை ஓட்டும் நெம்புகோலின் பூட்டு திறக்கும்.

ஜெசிந்தா உலாவியில் ‘மிதவை’யைத் திறந்தாள். நீல மலைகள் தெரிந்தன. புல்லாங்குழல் மாதிரி ஏதோ ஒன்று மெதுவாக இழைந்தது. விரல் உயரப் பொம்மை ஒன்று மேடையின் ஓரத்தில் வந்து நின்றது. அதைத் தாவவைத்து, இடுக்குகளில் வழி கண்டுபிடித்து, மறுகோடிக் கதவுக்குக் கொண்டுபோக வேண்டும். திரையின் மூலையில் ஒரு சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். அது மறைவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

பொம்மையின் உடம்பு ஆடுகிறவர் கையில் இருக்கிறது. விசைப்பலகையில் இருக்கும் துடிப்புணரி விரல்களின் தளர்ச்சியை அளந்து சொல்லும். தூங்கி எழுந்த கைக்குப் பொம்மை பஞ்சாகிவிடும், தொட்டால் பறக்கும். ஓரளவு களைத்த கைக்கு அது மரம். ஓய்ந்துபோன கைக்கு இரும்பு. நடுவில் மனம் இளகினால் இரும்பு மரமாவதும் உண்டு.

உண்மையைச் சொன்னால் அவள் இதை ஆடி மூன்று வருடமாகிறது. ஷிப்ட் முடித்து எழும் கைதான் உட்காரப்போகும் கைக்காக ஆடிக்கொடுக்கும். ஓட்டுநர்கள் குடியிருக்கும் அந்தத் தெருவின் வழக்கம் அது. குளிர்ந்த விரல் தடுமாறும், சூடேறிய விரல் தடுமாறாது என்று எல்லாரும் நம்பினார்கள். இரவு ஷிப்ட் முடிக்கும் ரோமால்டு, எழுந்திருக்கும் முன் மனைவி ஜெசிந்தாவின் கணக்கில் ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் நாற்காலியை விடுவான். “எப்படிப் போச்சு?” என்பாள். “பஞ்சு மாதிரி” என்பான். அவள் காப்பியை அவனிடம் கொடுத்துவிட்டு உட்காருவாள்.

போன வாரம் அவன் குளியலறையில் மயங்கி விழுந்தான். மூளைக்கு ஒன்றுமில்லை, உடம்புக்குத்தான் தூக்கம் வேண்டும் என்றார் மருத்துவர். அவன் பெயரைப் பணிப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவள், கணக்கில்லாமல் தூங்கினாள். நேற்றுதான் வீடு திரும்பினார்கள். இனி வீட்டில் ஓடுவது அவள் ஷிப்ட் ஒன்றுதான்.

முதல் மேடையில் பலகை ஒன்று வழியை அடைத்திருந்தது. ஜெசிந்தா பொம்மையை அதன் மேல் குதிக்கவிட்டாள். பஞ்சு இறங்கியது, பலகை அசையவில்லை. பக்கத்தில் ஒரு கிணறு, அதன் அடியில் ஒரு பொத்தான். உள்ளே தள்ளினாள். பொம்மை நீரின் மேல் கால் நீட்டி மிதந்தது. சூரியன் ஒரு விரல்கடை இறங்கிவிட்டது.

உதவி மையத்தை அழைத்தாள். கோவைப் பக்கத்துப் பெண் குரல் ஒன்று, கோகிலவாணி என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தது.

“ஆட்டம் கோளாறா இருக்கு. எதுவும் திறக்க மாட்டேங்குது.”

“பாக்கறேனுங்க்கா.” தட்டும் சத்தம் கேட்டது. “கோளாறெல்லாம் இல்லீங்க. உங்களுக்குன்னு கட்டின மேடைதானுங்க.”

“எனக்குன்னா?”

“கஷ்டப்படுத்தினா அது விளையாட்டே இல்லீங்களே. அதனால ஆடறவங்க உடம்பு எப்படியோ அதுக்குத் தோதா ஆட்டமே மேடையைக் கட்டிக்கும். உங்க பொம்மை மூணு வருசமா இரும்புங்க்கா. இரும்பு விழுந்தாத்தான் உடையற பலகை, இரும்பு முங்கினாத்தான் எட்டற பொத்தான்.”

“இரும்பா வந்தா ஷிப்ட் தரக் கூடாதில்லையா?”

“ஆரம்பத்துல அப்படித்தானுங்க இருந்துச்சு. பாதிப் பேரு வெளிய நின்னாங்க, கப்பலும் நின்னுச்சு. அப்பறம் கதவைத் தொட்டாப் போதும்னுட்டாங்க.” குரல் சற்றுத் தணிந்தது. “இன்னைக்குப் பஞ்சா வந்திருக்கு. சூரியன் சாஞ்சுதுன்னா ஆள் வேறன்னு கணக்கை முடக்கிடுமுங்க. மறுபரிசோதனைக்கு ஏழெட்டு மாசம் ஆகும். கொஞ்சம் அலுப்பா ஆடிப் பாருங்களேன்.”

ஜெசிந்தா போனை வைத்தாள். அலுத்துக்கொள்ள முயன்றாள். தோள்களைத் தொங்கவிட்டாள், விரல்களை இழுத்து இழுத்து அழுத்தினாள். பொம்மை வெள்ளையாகக் கூரைவரை போய் முட்டியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு ரோமால்டு வந்தான். “என்ன ஏளா, இன்னும் நெம்புகோலத் தொடலியா?”

“மேடை எல்லாம் இரும்புக்குன்னு கட்டியிருக்குதாம்.”

அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. “தள்ளு. கண்ண மூடிட்டே போட்டுத் தாரேன்.”

“நீங்க படுங்க.”

“ரெண்டு நிமிசம் ஆவுமா? கப்பல் நிக்குது, நீ என்கிட்ட மல்லுக்கட்டிட்டு இருக்க.”

நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்து விசையில் விரலை வைத்தான். பொம்மை கறுத்தது. ஒரே குதியில் பலகை உடைந்தது. விழுந்த இடத்திலிருந்து பொம்மை எழவில்லை; சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு அடி வைத்தது, மறுபடி நின்றது. கிணற்றுக்குள் இறங்கி, அடியில் பொத்தானின் மேல் கிடந்தது. ரோமால்டின் கண்கள் மெய்யாகவே மூடியிருந்தன. விரல் மட்டும் தானாக வேலை செய்தது. கதவு திரைக்குள் வந்துவிட்டது.

“தினமும் இப்படித்தான் ஆடுனீங்களா?”

“எப்படி?”

“பஞ்சு மாதிரின்னு சொன்னீங்க.”

“பின்ன, காலங்காத்தால உன்கிட்ட இரும்புன்னா சொல்லுவாங்க?” என்று சிரித்தான். கண் திறக்கவில்லை. “நீ அன்னிக்கு ஷிப்டே பாக்க மாட்ட. சரி, கதவு வந்துட்டு. இன்னும் ஒரு தாவுதான்.”

ஜெசிந்தா அவன் விரலை விசையிலிருந்து எடுத்தாள். அவன் திரும்ப வைக்கப் போனான். இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் இழுத்துப் பார்த்தான். விடுவித்துக்கொள்ளும் அளவுக்குக்கூட அந்தக் கையில் பலம் இல்லை.

“ஏளா, கிறுக்கா பிடிச்சிருக்கு? கணக்கு போயிரும்.”

“போவட்டும்.”

“சோத்துக்கு?”

அவள் அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இருவரும் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புல்லாங்குழல் நின்றது. ‘உங்களை எங்களால் அடையாளம் காண முடியவில்லை. நன்றாக ஓய்வெடுங்கள்’ என்று நீல எழுத்தில் வந்தது. நெம்புகோலின் விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மேற்பார்வையாளராகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

“இப்ப என்ன செய்ய?” என்றான் ரோமால்டு.

“நீங்க தூங்குங்க.”

“நீ?”

“எனக்குத் தூக்கமே வரல்ல” என்றாள் ஜெசிந்தா. “அதனாலதான வேலை போச்சு.”