காரணம் கேட்காத கை

வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் கண்ணும் கண்ணும் மோதிக்கொள்ளும். இங்கே அதற்கு வழியில்லை... இருவருமே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என் இடம்," என்றாள் அவள், அவனுடைய பாதங்களிடம்.

"பேர் எழுதலையே?"

"இங்க நிக்க வேண்டாம். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றான். வெளியே மழை, யாரையும் கேட்காமல் பெய்துகொண்டிருந்தது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான தாய் சி வகுப்பு அது. தண்ணீருக்குள் நடப்பதுபோல் கைகால்களை மெதுவாக அசைக்கும் பயிற்சி. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். ஊரார் கண்களையெல்லாம் பவரோடு அறிவாள், ஒன்றைக்கூட நேராகப் பார்த்ததில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆள் ஏறாத லிஃப்ட் என்றால் அவனுக்கு உயிர்.

ஜோடிப் பயிற்சியில் மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டவைத்து, ஒருவர் தள்ள, மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். வகுப்புக்கு ஒரே விதி: பிடிக்காவிட்டால் கையை எடுத்துக்கொள்ளலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. 'ஏன் இப்படி இருக்கே' என்று கேட்கப்பட்டே வளர்ந்தவர்களுக்கு அது சொர்க்கம்.

மாஸ்டர் இருவரையும் ஜோடி சேர்த்தார்.

"உங்க கை சில்லுனு இருக்கு."

"இதுவரைக்கும் எந்த லிஃப்ட்டும் குறை சொல்லல."

சிரித்தாள்... தரையைப் பார்த்துத்தான். மழைக்காலம் முழுக்க மணிக்கட்டுகள் பேசிக்கொண்டன. கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அந்தச் சில்லிப்பு அவள் கையிலேயே இருந்தது...

ஒரு நாள் அவன் கையை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து சுவரோரம் தனியாகவே நின்றான்.

அவள் கேட்கவில்லை. விதி. சொர்க்கத்தில் இப்படியொரு அசௌகரியம் உண்டென்று யாரும் சொல்லியிருக்கவில்லை. 'என் கையில லென்ஸ் தூள் வாடை அடிக்குதோ...' வீட்டில் சோப்பு கரைந்ததுதான் மிச்சம்.

அவளைத் தினம் காரில் கொண்டுவந்து விடும் அக்காவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இவளும் கூடப் போக வேண்டும். கடைசி வகுப்பன்று நேராகச் சுவரோரம் போனாள்.

"ஏன்?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. மாஸ்டரின் கை காற்றிலேயே நின்றது.

"உங்க அக்கா சொன்னாங்க," என்றான். "'அவளுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது தம்பி. அதை நீங்க பயன்படுத்திக்காதீங்க'ன்னு. நான் அப்படிப்பட்டவன் இல்லைன்னு காட்டணும்னு..."

"உங்ககிட்ட முதல் நாளே வேண்டாம்னுதானே சொன்னேன்."

யோசித்தான். "ஆமா. தள்ளி நில்லுன்னும் சொன்னீங்க."

"அது அன்னிக்கு."

"அன்னிலேர்ந்தே எனக்கு உங்களப் பிடிக்கும்..."

அவள் மணிக்கட்டை நீட்டினாள். ஒட்டவைத்தான். அதே சில்லிப்பு. வெளியே அக்காவின் கார் ஹாரன் அடித்தது.

"எனக்கும்... ரொம்ப."

"அப்போ ஊருக்கு வரலைன்னு அக்காகிட்ட சொல்லிடுங்களேன்."

அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லார்கிட்டயும் வேண்டாம்னு சொல்லிடுவேன். அக்காகிட்ட மட்டும்... சொல்லத் தெரியல."

மறுபடியும் ஹாரன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை.