வெள்ளைப் பட்டில் மூன்று சொட்டு

டெலிபோன் அலறியது.

ஆரணி இன்ஸ்பெக்டர் ஜெயவேல் எடுத்தார். எஸ்.பி. கத்தினார். சாயந்திரத்துக்குள் கொலைகாரன் சிக்காவிட்டால் ஜவ்வாது மலைக்கு மாற்றல்!

சே... நாலு நாளாக இதே பேஜார்.

பட்டு வியாபாரி மணவாளன், நெசவாளி பச்சையப்பன் வீட்டில் செத்துக் கிடந்தார். துண்டால் கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் தறியில் புதிதாக நெய்த ஒரு சாண் வெள்ளைப் பட்டில்... மூன்று சொட்டு ரத்தம்!

அந்த வெள்ளை நூலை மணவாளன் தன் கடையிலிருந்து எடுத்துப்போனது அன்று காலை எட்டு மணிக்கு. பிணத்தைப் பார்த்தது பதினொன்றுக்கு. நடுவில் எவனோ தறியில் உட்கார்ந்து நெய்திருக்கிறான்.

எவன்?

தான் விடிகாலை பஸ்ஸிலேயே படவேடு கோயிலுக்குக் கிளம்பிவிட்டதாகப் பச்சையப்பன் சத்தியம் செய்தார். தெருவில் நாற்பது பேரைக் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தாயிற்று. எவன் விரலிலும் வெட்டு இல்லை. பச்சையப்பன் விரலிலும்தான்!

ஜெயவேல் வெறுத்துப்போய் மறுபடி அந்த வீட்டுக்கே போனார்.

"எப்படித்தான்யா நெய்வீங்க? உக்காந்து காட்டு."

"நாலு நாளா தறியத் தொடாதன்னு சொல்லிகினு இருந்தீங்க... இப்ப நெய்யச் சொல்றீங்க" என்று முனகியபடி பச்சையப்பன் உட்கார்ந்தார்.

நூல் சுற்றிய தார்க் குச்சியை, தறியில் குறுக்கே ஓடும் மர நாடாவுக்குள் மாட்டினார். நாடாவை உதட்டில் வைத்து, அதன் துளை வழியே நூல் நுனியை உறிஞ்சி இழுத்தார். முப்பது வருஷப் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது.

வெள்ளை நூல் வெளியே வந்தது.

சிவப்பாக!

"வாயத் திற."

ஈறெல்லாம் ரத்தம்.

"ஹார்ட்டுல வால்வு மாத்துனாங்க சார். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்தாங்க. அதுலேர்ந்து ஈறு கசியுது..."

"அப்ப அன்னிக்கு விடிகாலையில நீ படவேடு போகல."

பச்சையப்பன் தலை தொங்கிப்போனது.

"ரத்தத்தப் பாத்துட்டு, சீக்காளிக்கு எதுக்கு என் தறி, வேற ஆளுக்குக் குடுக்கறேன்னாரு மணவாளன். தறி போனா நான் எப்படிப் பொழைக்கறது? ஆத்திரத்துல துண்ட முறுக்கிட்டேன். அப்புறந்தான் பயந்து பஸ் ஏறுனேன்."

ஜெயவேல் கைவிலங்கை மாட்டினார். அப்பாடா, மலை மாற்றல் தப்பியது!

ஜீப்பில் ஏறப்போன பச்சையப்பன் திரும்பி நின்றார். முகத்தில் அத்தனை எரிச்சல்.

"சைடு எஃபெக்ட்டுன்னு அந்த டாக்டரு ஒரு மணி நேரம் பேசுனாரு சார்... ஜெயிலுன்னு ஒரு வார்த்த சொல்லலியே!"