இன்னும் ஒரு விரற்கடை

பாலாஜி. வயது இருபத்து நான்கு. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பிறந்தது வாலிகண்டபுரம், பிழைப்பது புனேயில். சித்திரை வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவன் வந்து நின்ற இடம், அரியலூர் டவுனைத் தாண்டி சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டோரத்தில் பிச்சைமுத்துவின் பட்டறை.

நின்றான் என்று சொல்வதுகூட முழு உண்மையில்லை. புரோக்கர் மூலம் வாங்கிய உயரமான பழைய பைக்கில் உட்கார்ந்தபடி இடது கால் நுனியால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தான். வலது கால் அந்தரத்தில் தொங்கியது.

"என்னா தம்பி, வண்டி வாங்குனியா, ஒட்டகம் வாங்குனியா?" என்றபடி பிச்சைமுத்து எழுந்து வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. பெரம்பலூர்லயே ரெண்டு தடவ கீழ போட்டுட்டேன். பஸ் ஸ்டாண்டே சிரிச்சுச்சு."

"எறங்க முடியுதா?"

"வண்டியச் சாய்ச்சாத்தான் எறங்க முடியும்."

"சாய்ச்சா?"

"வுழுந்துரும்."

பிச்சைமுத்து வயிறு குலுங்கச் சிரித்தார். பாலாஜி சிரிக்கவில்லை. லீவு வியாழக்கிழமையோடு முடிகிறது. இரண்டு பக்கமும் பையைக் கட்டிக்கொண்டு இந்த மாதிரி ஒரு வண்டியில் புனே வரைக்கும் ஓட்டிப் போவது நாலு வருஷத்து ஆசை. வழியில் எத்தனை டோல்கேட், எத்தனை சிக்னல். ஒவ்வொன்றிலும் கால் தரையில் பதிய வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"பின்னாடி சஸ்பென்ஷன் லிங்க் பிளேட்ட மாத்தி வண்டிய எறக்குறேன். முன்னாடி ஃபோர்க்கக் கொஞ்சம் மேல தள்ளிக் கட்டுறேன். மிச்சத்த சீட்டு ஸ்பான்ஜுல வழிச்சுக்கலாம். சைடு ஸ்டாண்டயும் அறுத்து ஒட்டணும். இல்லாட்டி நெட்டுக்குத்தா நின்னு அந்தப் பக்கம் சாஞ்சிரும்."

ஒரு மணி நேரத்தில் அடிவேலை முடிந்தது. சீட்டு மட்டும் பாக்கி.

பிச்சைமுத்து டேப் வைத்து அளக்கிற ஆள் இல்லை. ஆளைச் சீட்டில் ஏற்றிக் கண்ணை மூடச் சொல்வார். தான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வண்டியைப் பிடித்தபடி குந்திக்கொண்டு, மேலேயிருந்து குரல் வரும் வரை காத்திருப்பார். அவர் கணக்கெல்லாம் விரற்கடைதான், அதாவது ஒரு விரல் அகலம்.

"கண்ணு தரையப் பாத்துச்சுன்னா காலு ஏமாந்துரும் தம்பி. நல்லா மூடிக்க. குதிகாலு பதிஞ்சா போதும்னு சொல்லு. பதியலன்னா இன்னும் ஒரு வெரக்கடன்னு சொல்லு. நீ சொல்றதுதான் அளவு."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. ரோட்டில் லாரியும் இல்லை. பெட்ரோல் வாடைக்கு நடுவே வேறொரு வாடை வந்தது. தண்ணீரில் நாள்கணக்காய் ஊறிய சுண்ணாம்புக் கல்லின் வாடை. பட்டறையில் குடிக்கிற பானையைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது.

முதல் தடவை குதிகால் பதியவில்லை. "இன்னும் ஒரு வெரக்கட," என்றான் பாலாஜி. பிச்சைமுத்து சீட்டைக் கழற்றி, ஸ்பான்ஜைக் கத்தியால் சீவி, திரும்ப மாட்டினார்.

இரண்டாம் தடவை இரண்டு குதிகாலும் பதிந்தன. அந்தச் சுகமே தனி. "போதும்ணே," என்றான்.

"இன்னும் ஒரு வெரக்கட."

மெதுவான குரல். பிடரிக்கு மிக அருகில். பிச்சைமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார் என்று நினைத்தான்.

"சரி, எறங்கு," என்றார் அவர். மறுபடி சீவினார். மறுபடி ஏற்றினார். மறுபடி அதே குரல். ஐந்தாம் தடவை சீட்டு தோசை கனத்துக்கு வந்துவிட்டது.

"எலும்பு குத்துதுண்ணே. எதுக்கு இன்னும் வழிக்கிறீங்க?"

"நல்லாருக்கே கத. நீ கேட்டுக்கிட்டே இருக்க, நான் வழிச்சுக்கிட்டே இருக்கேன்."

"நான் அப்பவே போதும்னுட்டேனே."

கத்தி நின்றது. பிச்சைமுத்து பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். வாசலில் வெயில் மட்டும் நின்றது.

"அப்ப கேட்டது யாரு?"

பாலாஜி திரும்பிப் பின்னால் பார்த்தான். பிச்சைமுத்து சீட்டின் மேல் கையை வைத்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"ஈரமா இருக்கு."

"வேர்வையா இருக்கும்ணே."

"வேர்வை சில்லுன்னா இருக்கும்?" அவர் குரலில் சிரிப்பு வற்றியிருந்தது. "வண்டி யாரோடது?"

"ரெட்டிபாளையத்துக்காரரோடது. ஆளு வெளிநாடு போயிட்டாருன்னு புரோக்கர் சொன்னாரு. அவங்க வூட்டம்மாட்டதான் இப்ப கையெழுத்து வாங்கப் போறேன்."

"வாங்கு. வாங்கும்போது ஆளு எந்த நாட்டுக்குப் போனாருன்னும் கேட்டுக்க."

ரெட்டிபாளையத்தில் அந்த வீட்டு முருங்கை மரம்கூட சிமெண்ட் தூசியில் வெளுத்திருந்தது. மலர்க்கொடி வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கும். பாலாஜியின் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் சீட்டைப் பார்த்தாள், பிறகு அதற்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"எறக்கிட்டீங்களா?"

"ஆமாங்கக்கா. காலு எட்டல. சார் வெளிநாட்டுல இருக்காருன்னு..."

"புரோக்கர் சொன்னாரா? நல்லாத்தான் சொல்லிருக்காரு." தூணைப் பிடித்துக்கொண்டாள். "அவரு போயி எட்டு மாசமாச்சு தம்பி. இங்க வர்ற வழியில, பழைய சுண்ணாம்புக் குழி வளைவுல."

அவள் கணவன் பெயர் ராஜராஜன். பாலாஜியின் உயரம்தான்.

"பேருதான் ஒசரம்னு எல்லாரும் ஓட்டுவாங்க. அந்த ரோசத்துலயே இம்மாம் பெரிய வண்டிய வாங்குனாரு. எறக்கிக்கங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். 'எறக்குனா நானே என்னயக் குள்ளன்னு ஒத்துக்கிட்ட மாதிரிடீ'ம்பாரு. லாரிக்கு ஒதுங்கி ஓரமா நிறுத்திருக்காரு. எடது கால ஊனிருக்காரு. தரை எட்டல. வண்டி கருவேல மரத்துல மாட்டி நின்னுருச்சு. அவரு மட்டும் குழிக்குள்ள போயிட்டாரு. செருப்பு ரெண்டும் மேலயே கெடந்துச்சு."

பாலாஜி வண்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

"எங்க வழக்கத்துல, வெளிய உசுரு போனா வுழுந்த எடத்துல ஒரு கை மண்ணெடுத்து, பேரச் சொல்லி வூட்டுக்குக் கூப்புடுவோம். ஆளு கூட வந்தா மண்ணு கனக்கும். குழி பூரா தண்ணி, யாரு எறங்குறது? மேல ரோட்டோரமே அள்ளிட்டு வந்துட்டோம். கனமே இல்ல தம்பி. வெறும் தூசி. அவரு வுழுந்தது கீழ. நாங்க கூப்புட்டது மேல."

"அக்கா, வண்டிய இங்கயே வுட்டுட்டு நான் பஸ்ல..."

"வேண்டாம்!" அவள் குரல் உடைந்தது. "எம்புள்ள இருக்கா உள்ள. அந்த வண்டி இந்த வாசல்ல நிக்கக் கூடாது. போங்க தம்பி. அந்த வளைவுல மட்டும் நிறுத்தாதீங்க."

கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

உச்சி வெயில். நிழல் காலுக்கடியில் சுருண்டிருந்தது. நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று சொல்லியபடியே பாலாஜி ஓட்டினான். ரோடும் ஓரமும் ஒரே வெள்ளை. பின்பாரம் அதிகமாக இருந்தது. பின்னால் ஒரு ஆளை ஏற்றினால் எப்படி அமுங்குமோ, அப்படி. கண்ணாடியில் யாரும் இல்லை.

வளைவில் எதிரே லாரி வந்தது. அதை முந்திக்கொண்டு இன்னொரு லாரி, ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு.

வேறு வழியில்லை. இடது ஓரத்துக்கு ஒடித்தான். பிரேக்கை அழுத்தினான். எஞ்சின் அணைந்தது. இடது காலை ஊன்றினான்.

தரை இல்லை.

குனிந்து பார்த்தான். இருந்தது. ஷூவுக்கு ஒரு விரற்கடை கீழே வெள்ளைத் தூசி படிந்த தரை. காலை நீட்டினான். தரை இன்னும் ஒரு விரற்கடை தள்ளிப்போனது. வலது காலை நீட்டினான். அங்கேயும் அதே கதை.

வண்டி விழவில்லை.

அதுதான் அதைவிடப் பயங்கரம். யாரும் பிடிக்காமல், ஸ்டாண்டு போடாமல், ஆடாமல் அசையாமல் வண்டி நேராக நின்றது.

பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை உருவி, கால் பக்கத்தில் கீழே போட்டான். தூசியில் அது விழவே இல்லை. தூசி கலையவும் இல்லை. பாட்டில் மட்டும் காணோம். பாலாஜி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

வெகு ஆழத்தில், தண்ணீரில் எதுவோ விழுந்த சத்தம்.

ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்த்தான், எஞ்சின் கிளம்பவில்லை. ஹேண்டில்பாரை இறுகப் பற்றிக்கொண்டான். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரமோ. பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், நிக்கிறதுக்கு எடமா இல்ல? ஓரம் போய்யா."

"அண்ணே, எறங்க முடியலண்ணே. காலு எட்டல. எதாச்சும் பண்ணுங்கண்ணே."

டிரைவர் கீழே பார்த்தார். சிரித்தார். "எட்டலயா? ரெண்டு காலும் நல்லா பதிஞ்சு கெடக்கு. வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சா?" பிறகு கியரைப் போட்டபடி, "இம்மாம் பெரிய வண்டிய ஓட்ட வெறுங்காலோடவா வருவ? ஒரு செருப்பாச்சும் போடு தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலாஜி ஷூ போட்டிருந்தான்.

லாரி கிளப்பிய தூசி அடங்கியதும் குனிந்து பார்த்தான். வண்டியின் இரண்டு பக்கமும் தரையில் இரண்டு பாதத் தடங்கள். ஐந்து விரலும், உள்ளங்காலும், குதிகாலும் ஆழமாகப் பதிந்த தடங்கள். அவற்றின் ஓரங்களில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

பிடரியில் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

வாலிகண்டபுரத்தில் அக்கா வெற்றிச்செல்வி சோறு போட்டு வைத்துக் காத்திருப்பாள். போன் எதிரே ஹேண்டில்பாரில்தான் மாட்டியிருந்தது. சிக்னல் ஒரு கோடு. இரண்டு தடவை கூப்பிட்டான், போகவில்லை. மெசேஜ் போகலாம். ஒரே ஒரு விரலை நீட்டி மைக்கை அழுத்தினான். அவன் பேசப் பேச எழுத்து வந்தது.

"அக்கா நான் பாலாஜி. ரெட்டிபாளையம் ரோட்டுல பழைய சுண்ணாம்புக் குழி வளைவுல இருக்கேன். வண்டியிலேர்ந்து எறங்க முடியல. ஏன்னு கேக்காத. மாமாவ நீளமா கயிறு எடுத்துட்டு வரச் சொல்லு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரம் இருக்கு. கயித்த அதுல கட்டிட்டுத் தூர நின்னே வீசச் சொல்லு. நீ வராத. எனக்கு என்ன ஆனாலும் சரி, நான் அழுதாலும் சரி, யாரும் வண்டிக்குக் கிட்ட வரக் கூடாது. யாரும் என்னயத் தொடக் கூடாது, தொட்டா அவங்களையும் உள்ள இழுத்துரும்."

நிறுத்தினான். உதடுகளை இறுக மூடிக்கொண்டான். அனுப்புவதற்கு விரலை மெல்ல நீட்டினான்.

மைக் இன்னும் அணையவில்லை.

அவன் கண்ணெதிரே, அவன் சொன்ன வரிகள் ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து அழிந்தன. கடைசியில் அவன் பெயரும் இடமும் மட்டும் மிஞ்சின. அதற்குப் பக்கத்தில் புது எழுத்துகள் வரத் தொடங்கின, நிதானமாக, யாரோ அருகில் வாய் வைத்துப் பேசுவதைப் போல. அவன் விரல் திரையைத் தொடும் முன்பே மெசேஜ் போய்விட்டது. இரண்டு டிக். இரண்டும் நீலமாயின.

"அக்கா நான் பாலாஜி. ரெட்டிபாளையம் ரோட்டுல பழைய சுண்ணாம்புக் குழி வளைவுல இருக்கேன். இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் ஒடனே வாங்க. கயிறெல்லாம் வேண்டாம். பக்கத்துல வந்து ஒரு கை குடுத்தாப் போதும்."