தப்பிப் பிழைத்த மந்திரி பாட்டு

புதன், காலை

ஒலிப்பதிவுக் கூடத்தின் பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. முதலில் உள்ளே போன ஒலிப்பதிவாளர் போட்ட கூச்சல், சத்தம் வெளியே போகக் கூடாதென்று பஞ்சு அடைத்துக் கட்டிய சுவரையும் தாண்டி எதிர்வீட்டுக்குக் கேட்டதாம்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது வாசலில் நான்கு கேமராக்கள் நின்றன. போலீசுக்கு முன்னால் டிவிக்காரர்கள் வந்து சேரும் வழக்கு எதுவும் அவளுக்கு நிம்மதியாக முடிந்ததில்லை.

உள்ளே சோபா கிழிந்திருந்தது. நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. சுவரில் சிவப்புப் பெயின்டில் 'பாடினால் தொலைந்தீர்கள்' என்று எழுதியிருந்தது. கிழிந்த சோபாவின் மேல் ஒரு கிட்டார். ஆறு கம்பிகளும் வெட்டப்பட்டிருந்தன. கிட்டாரின் மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டுப்பட்ட கம்பிகள் எகிறிச் சுருளாமல் சாதுவாகப் படுத்துக் கிடந்தன. கம்பிகளை இறுக்கும் முறுக்காணிகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் லொடலொடவென்று தளர்ந்திருந்தன.

"என்னென்ன போச்சு?"

"ஒரே ஒரு பாட்டு மேடம்," என்றார் ஒலிப்பதிவாளர். "கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டாங்க. காப்பி வச்சிருந்த டிஸ்க்கும் காணோம்."

"மத்த பாட்டெல்லாம்?"

"பத்திரமா இருக்கு. மந்திரி பாட்டுகூட இருக்கு."

"அதென்ன மந்திரி பாட்டு?"

போட்டுக் காட்டினார். நாற்று நடுகிறவர்கள் பாடும் மெட்டு. அதன்மேல் கிட்டார் உறுமியது. மந்திரியின் ஏழு தலைமுறையும் வரிசையாக வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போயின. ஏட்டுக்குச் சிரிப்பு முட்டியது. இன்ஸ்பெக்டர் திரும்பியதும் விழுங்கிக்கொண்டார்.

"காணாமப் போன பாட்டுல யாரைத் திட்டியிருக்கு?"

"யாரையும் திட்டல மேடம். துணிக் கம்பெனி தீ விபத்துல பொண்ணைப் பறிகொடுத்த தையல்காரம்மா பேசுவாங்க. நடுவுல அண்ணி பாடுவாங்க. கேட்டா தொண்டை அடைச்சிடும்."

அண்ணி என்று ஊரே அழைக்கும் பாடகி அறை நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் பாட, அவளுடைய கணவனின் தம்பி கிட்டார் வாசிக்க, 'அண்ணியும் கொழுந்தனும்' என்றே அந்த ஜோடிக்குப் பேர் வந்துவிட்டது. இது அவர்களின் முதல் ஆல்பம். அடுத்த வாரம் வெளிவர வேண்டியது. ஆட்சியில் இருப்பவர்களை அது தூங்க விடாது என்று மேடைக்கு மேடை சொல்லியிருந்தாள்.

"விசாரணை எதுக்கு மேடம்? யார் பண்ணாங்கன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

"தெரியாததாலதான் கேக்குறேன். சாவி யார்கிட்ட இருக்கு?"

"எங்க மூணு பேர்கிட்ட. பூட்டுக்கு என்ன ஆச்சு? தாழ்ப்பாளைத்தானே பேத்திருக்காங்க!"

மூலையில் உட்கார்ந்திருந்த கொழுந்தனிடம் இன்ஸ்பெக்டர் திரும்பினாள். "கிட்டார் உங்களுதா?"

"ஆமா மேடம்."

"புதுக் கம்பி போட்டா சரியாயிடுமா?"

"ஆயிடும்," என்றான்.

புதன், மதியம்

குற்றவாளி தயாராகக் கிடைத்துவிட்டான். ஆளுங்கட்சிக்குப் போஸ்டர் ஒட்டுவதும் சுவரில் எழுதுவதும் அவன் பிழைப்பு, பேரே போஸ்டர். போன மாதக் கச்சேரியில் மேடைக்கு முன்னால் நின்று, "ஆல்பம் வெளிய வரட்டும், அப்புறம் தெரியும்!" என்று கத்தியவன். பிடித்தபோது நகக்கண்ணில் சிவப்புப் பெயின்ட் இருந்தது. அவன் நகக்கண்ணில் என்றைக்குத்தான் பெயின்ட் இல்லை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாச் சேனலிலும் அவன் முகம். அவன் கட்சியோ, அப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று அறிக்கை விட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. எதிர்க்கட்சிக்குக் கொண்டாட்டம். மேலதிகாரி போனில் வந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் கோர்ட்ல நிறுத்திடுங்க. முடிஞ்சுது கதை."

"சார், அவன் பண்ணியிருப்பான்னு எனக்குத் தோணல."

"உங்களுக்குத் தோணுறதை யாரும்மா கேட்டா?"

போனை வைத்தவளுக்கு மண்டை காய்ந்தது. வெளியே பெஞ்சில் போஸ்டரின் மனைவி, மடியில் தூங்கும் பெண்குழந்தையுடன் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்தாள். அப்படிப் பார்க்க வேண்டியிருந்ததே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

வியாழன், காலை

இன்ஸ்பெக்டர் கண்ணுக்குக் கீழே பிளாஸ்திரியோடு வந்தாள்.

"என்ன மேடம் ஆச்சு?" பதறினார் ஏட்டு.

"அக்கா பையனோட கிட்டார்ல கம்பியை வெட்டிப் பார்த்தேன். விறைச்சு நின்ன கம்பி சாட்டையாட்டம் வீசுச்சு. கண்ணு தப்பிச்சுது."

"பையன் என்ன சொன்னான்?"

"இப்ப அவன் என்கூடப் பேசுறதில்ல. ஜீப்பை எடுங்க."

தையல்காரம்மாவின் வீடு ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின். சுவரில் மூத்த மகளின் படம். அறையின் மறுகோடியில் இளைய மகள் கம்பெனிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் தைத்திருந்த முத்திரையைப் பார்த்தாள் இன்ஸ்பெக்டர். தீப்பிடித்த அதே கம்பெனி.

"உங்க குரல் இருந்த பாட்டு திருட்டுப் போயிடுச்சு. தெரியுமாம்மா?"

"டிவியில பார்த்தேன். போனா போகட்டும் விடுங்க."

"உங்க பொண்ணைப் பத்தின பாட்டாச்சே!"

"போனவளைப் பத்தின பாட்டு." அந்தம்மாவின் பார்வை ஒரு கணம் இஸ்திரிப் பெட்டியின் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

வியாழன், மாலை

சாவி வைத்திருந்த மூவரும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைக்கப்பட்டார்கள். மேசைமேல் ஒரு கிட்டாரும் கம்பி வெட்டும் குறடும் இருந்தன.

"ஆளுக்கு ஒரு கம்பி வெட்டுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"என்ன விளையாட்டு இது? அங்க ஒருத்தனைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற நேரத்துல…" என்ற அண்ணி, வெடுக்கென்று குறடை எடுத்து வெட்டினாள். கம்பி விர்ரென்று எகிறியது. "அய்யோ!" என்று கையை உதறினாள்.

ஒலிப்பதிவாளர் உஷாரானார். முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, குறடை மட்டும் நீட்டி வெட்டினார். கம்பி அவர் புறங்கையில் ஒரு கோடு போட்டது.

கொழுந்தன் கிட்டாரை மடியில் வைத்தான். யாரையும் பார்க்கவில்லை. இடது கை தானாக மேலே போய் முறுக்காணியைத் திருகியது. கம்பி தொய்ந்தது. குறடு பாதி தூரம் வந்து, அப்படியே நின்றது.

"வெட்டுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். "ஏன் நிறுத்திட்டீங்க?"

அவன் குறடைக் கீழே வைத்தான்.

"வன்மத்தோட கதவை உடைச்சு வந்தவன் கிட்டாரைத் தூக்கித் தரையில அடிப்பான். ஆறு ஆணியையும் பொறுமையாத் தளர்த்திட்டு, அப்புறமா வெட்ட மாட்டான். உங்களுக்கு மரத்தை உடைக்க மனசு வரல. விறைச்ச கம்பியை வெட்டக் கை வரல. அது போகட்டும். கட்சிக்காரன் வந்திருந்தா எந்தப் பாட்டை அழிப்பான்? மந்திரியைக் கிழிச்ச பாட்டை விட்டுட்டு, யாரையும் திட்டாத பாட்டையா? ஊர் முழுக்கச் சுவத்துல எழுதினதையே பார்த்துச்சு. எது தப்பிச்சுதுன்னு ஒருத்தரும் பாக்கல."

"தம்பி?" என்றாள் அண்ணி.

"அந்தம்மா என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாங்க," என்றான் அவன். "பாட்டு வந்தா சின்னவளைக் கம்பெனி நிம்மதியா விடாதாம். ஒருத்தியைத்தான் குடுத்துட்டேன், இவளையாவது விடுங்கன்னாங்க. டிஸ்க்கை அவங்க கையிலயே குடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னேன் அண்ணி. அந்தம்மா பயப்படுறாங்கன்னு சொன்னேன். பயத்தை உடைக்கத்தான் பாடுறோம்னீங்க. மறுபடியும் சொன்னேன். மைக் பக்கத்துல பேசாதேன்னீங்க. அண்ணியாச்சே, அதுக்கு மேல எப்படிச் சண்டை போடுறது? அதான் கட்சிக்காரங்க வந்து உடைச்ச மாதிரி பண்ணிட்டேன்."

அண்ணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு இரக்கம் வரவில்லை. இரண்டு நாள் எரிச்சலும் அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"அந்தம்மா கேட்டாங்க, செஞ்சீங்க. சரி. லாக்கப்ல இருக்குறவன் உங்ககிட்ட என்ன கேட்டான்?"

"கட்சி எப்படியும் காப்பாத்திடும்னு நினைச்சேன் மேடம்…"

"கட்சி அவனைத் தெரியாதுன்னுடுச்சு. டிவி பார்த்தீங்கதானே? அப்பவும் வாயைத் திறக்கல. நாதியில்லாதவங்களுக்காகப் பாடுறவரு நீங்க! எழுந்திரிங்க. வழக்கு உங்க மேல வரும். அதுக்கு முன்னாடி ஸ்டேஷன் வாசல்ல வந்து நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப ஆளில்ல."

கோர்ட்டுக்குப் போகும் வேன் எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தபோது அவர்கள் ஸ்டேஷனை அடைந்தார்கள். போஸ்டரை ஏற்றப் போனவர்களை ஏட்டு ஓடிப்போய்த் தடுத்தார். படிக்கட்டில் மைக்குகள் குவிந்தன. கொழுந்தன் மேல்படியில் ஏறி நின்று சொன்னான்.

"அவர் ஒரு தப்பும் பண்ணல. பாட்டை அழிச்சது நான்தான்."

உடனே எல்லா மைக்கும் ஒரே கேள்வியைக் கேட்டன.

"யார் உங்களை மிரட்டி இப்படிச் சொல்ல வச்சது?"

அவன் இல்லை இல்லை என்று தலையாட்ட ஆட்ட, கேள்வி பெருகியது. போலீஸ் மிரட்டியதா? மந்திரி ஆளா? இன்ஸ்பெக்டர் ஒரு மைக்கைப் பிடித்து உண்மையைச் சொன்னாள். "மேலிடத்து அழுத்தமா மேடம்?" என்றது அந்த மைக். பின்னாலிருந்த கூட்டம் கோஷம் போட ஆரம்பித்தது.

அண்ணி ஜீப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னால் நம்புவார்கள். சொன்னால் ஆல்பம் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிடவில்லை. பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான்.

ஜீப் கதவு திறந்தது. அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறினாள்.

"யாரும் மிரட்டல. என் தம்பி சொல்றது நிஜம். ஒரு தாய் வேண்டாம்னு சொன்னதை நான் காதுல வாங்கல. அதான் இவ்வளவும்."

கோஷம் அடங்கியது. கேமராக்கள் அவளை மொய்த்துக்கொண்டன. பக்கத்துக் கதவு வழியாகப் போஸ்டரை வெளியே விட்டார் ஏட்டு. அவன் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, மனைவியோடு கூட்டத்தின் ஓரமாகவே நடந்தான். கோர்ட்டுக்குப் போகும்போது கேமராவில் முகம் விழக் கூடாதென்று முன்பே கைக்குட்டையைக் கட்டியிருந்தவன், தெருமுனை வரை அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவன் பக்கம் ஒரு கேமராவும் திரும்பவில்லை.